ஆயிரத்துக்குப் பூஜ்யம்

காலை 5.40. முந்நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்கள். பொறுப்பாளர், அருளப்பன்.

அன்று 2019 ஜூலை 1, திங்கட்கிழமை.

இயந்திரங்கள் என்றால் இரும்பு அல்ல. சென்னையில் ஒரு கட்டடத்தில் சில பெரிய கணினிகள் இருந்தன. அவற்றுக்குள் மென்பொருளாகவே ஓடும் சிறு கணினிகள் இவை. மெய்நிகர் இயந்திரங்கள் என்பார்கள்.

ஒவ்வொன்றும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு உரியது. இரவில் அழிக்கப்படும். காலையில் ஒரே அச்சிலிருந்து மீண்டும் எழுப்பப்படும். எழுந்ததும் அன்றைக்கான ரகசியச் சாவி ஒன்றைச் செய்துகொள்ளும். நோயாளிகளின் விவரங்கள் அந்தச் சாவியால் பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும்.

அன்று அவை எழுந்தன. சாவி செய்யவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு திரைகளிலும் ஒரே வரி.

தற்செயல் எண்கள் இன்னும் தயாராகவில்லை.

பத்தொன்பது நிமிடம் அப்படியே நின்றன.

5.45 ஷிப்டுக்கு வந்தவர்கள் வீங்கிய கால்களோடு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். விவரம் திறக்காமல் ஊசி போட முடியாது.

அருளப்பனுக்கு ஐம்பத்தொரு வயது. மதியத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லா இயந்திரங்களிலும் கெர்னலின் புதிய பதிப்பு ஏற்றப்பட்டிருந்தது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. சாவி செய்ய யாரும் ஊகிக்க முடியாத எண்கள் வேண்டும். பழைய பதிப்பு, கேட்டவுடன் கையில் இருந்ததைக் கொடுத்தது. புதியது, போதுமான அளவு சேரும்வரை கொடுக்க மறுத்தது.

சாதாரணக் கணினி அந்த எண்களை வெளியிலிருந்து பொறுக்கிக்கொள்ளும். விசைகளைத் தட்டும் இடைவெளி, சுட்டியின் அசைவு, வட்டின் நடுக்கம். மெய்நிகர் இயந்திரத்துக்கு இவை எதுவும் இல்லை. சீக்கிரம் வேண்டுமானால் தன்னைச் சுமக்கும் பெரிய கணினியைத்தான் கேட்க வேண்டும். அதன் பெயர் ஹோஸ்ட். ஹோஸ்ட் தரும் எண்களை வாங்கித் தர கெர்னலுக்குள் ஒரு டிரைவர் இருந்தது.

டிரைவர் எண்களை வாங்கத்தான் செய்தது. கணக்கில் மட்டும் சேர்க்கவில்லை. அதனால் புதிய கெர்னல் தன் கடிகாரத் துடிப்பின் சிறு பிசகுகளைத் துளித்துளியாகச் சேர்த்தது, அதற்குத்தான் பத்தொன்பது நிமிடம்.

அதற்குள் ஒரு வரி இருந்தது. ஹோஸ்டின் வார்த்தையை ஆயிரத்துக்கு எவ்வளவு நம்பலாம் என்று சொல்லும் வரி. அங்கே பூஜ்யம் என்று இருந்தது.

அருளப்பன் பூஜ்யத்தை ஆயிரம் ஆக்கினார். சோதித்தார். இயந்திரம் நான்கு வினாடியில் எழுந்தது. அந்த ஒற்றை வரித் திருத்தத்தை, பேட்ச் என்பார்கள், உலகம் முழுவதும் பொதுவாகப் பயன்படுத்தும் கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினார்.

இருபது நிமிடத்தில் பதில் வந்தது. ஒரே சொல். வேண்டாம்.

கீழே பெயர். செண்பகவல்லி.

அந்தப் பெயரை அவருக்குத் தெரியும். பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவருடைய குழுவில் கடைசி மேசையில் உட்கார்ந்திருந்தவள். ஆண்டு இறுதி மதிப்பீட்டில் அவளைப் பற்றி அவர் எழுதியது நான்கு சொல். கேள்வி அதிகம். ஒத்துழைப்பு போதாது. அவள் அடுத்த மாதமே விலகினாள்.

இப்போது கெர்னலில் தற்செயல் எண்கள் சம்பந்தப்பட்ட எதுவும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மறுபடி அனுப்பினார். பத்தொன்பது நிமிடத்துக்கான ஆதாரங்களோடு. அதே சொல் வந்தது.

நிறுவனத்தின் இயக்குநர் முரளிதரின் கடிதத்தையும் இணைத்து மூன்றாம் முறை அனுப்பினார். அந்தச் சொல்கூட வரவில்லை.

கெர்னலை நிறுவனமே திருத்திக்கொள்ள வழியில்லை. பொதுவில் வெளியாகும் பதிப்பைத் தொடாமல் ஓட்ட வேண்டும் என்பது மையங்களோடு போட்ட ஒப்பந்தம்.

முரளிதர் அருளப்பனை அறைக்கு அழைத்தார். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பேட்ச் ஏற்கப்பட வேண்டும் என்றார். இல்லாவிட்டால் அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஆள் என்றார். அந்தப் பெண் உங்களிடம் வேலை பார்த்தவள்தானே, நேரில் போய்ப் பேசுங்கள் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை அருளப்பன் கோவில்பட்டியில் இறங்கினார்.

*

பைக் சீட்டுக்கு உறை தைக்கும் கடை. அதன் மாடியில் ஒரே அறை. இரண்டு கணினிகள், மூன்று நாற்காலிகள். கீழே தையல் இயந்திரம் விட்டு விட்டு ஓடியது.

செண்பகவல்லிக்கு இப்போது முப்பத்தாறு வயது. எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினாள்.

அவர் உட்காரவில்லை.

"உன் கெர்னல் ஏம்மா நிக்குது?"

"தெரியலைன்னு நிக்குது, சார்."

"என்ன தெரியல?"

"அதுவும் அதுக்குத் தெரியல. உக்காருங்க."

உட்கார்ந்தார். காத்திருக்கும் நோயாளிகளைப் பற்றிச் சொன்னார். திருவாரூர்ப் பக்கம் ஒரு மையத்தில் முதல் ஷிப்ட் தாமதமாகி, கடைசி ஷிப்ட்காரர் ஊருக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டதைச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். தன் வேலை போகப்போவதையும் சொன்னார். அதையும் கேட்டாள்.

பிறகு, இயந்திரங்களை எத்தனை மணிக்கு எழுப்புகிறீர்கள் என்றாள்.

5.40 என்றார்.

"ஏன் 5.40?"

ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறது என்றார்.

"5.15க்கு எழுப்பினா என்ன?"

அருளப்பன் அவளைப் பார்த்தார். நான்கு நாட்களாகப் பதினேழு பேர் நடத்திய ஆறு கூட்டங்களில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை.

அவருக்குக் கோபம்தான் வந்தது.

"பழசை மனசுல வச்சுக்கிட்டு வெளையாடுற."

"பழசுன்னா? ஒத்துழைப்பு போதாதுன்னு எழுதினதா?"

அவர் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து மடியில் வைத்தார்.

"அதச் சட்டம் போட்டு மாட்டலாம்னு பாத்தேன், சார். சொவருல எடம் இல்ல."

கீழே தையல் இயந்திரம் நின்றது. மீண்டும் ஓடியது.

அருளப்பன் குரலைத் தணித்துக்கொண்டார். ஹோஸ்ட் அவருடையது. அதை எழுதியதே அவர்தான். எட்டு ஆண்டுகளாக ஒரு புகார் இல்லை. அதன் வார்த்தையை நம்பக் கூடாது என்று சொல்ல இவள் யார்? ஹோஸ்டில் என்ன கோளாறு என்று ஒன்றைக் காட்டினால் போதும், திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னார்.

"கோளாறுன்னு நான் சொல்லவே இல்லையே."

"பின்ன எதுக்குப் பூஜ்யம்?"

அவள் அவருடைய மடிக்கணினியைச் சுட்டினாள். போன சனிக்கிழமை காலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு இயந்திரங்களும் செய்த சாவிகளின் கைரேகைகள் இருக்கிறதா என்று கேட்டாள்.

சாவியின் கைரேகை என்பது ஒரு நீண்ட எண். சாவியைக் காட்டாமல் சாவியை அடையாளம் காட்டும். நிறுவனம் அவற்றைத் தினமும் பட்டியலாகச் சேமித்து வைத்தது. வைத்த நாளிலிருந்து யாரும் திறந்து பார்த்ததில்லை.

இருக்கிறது என்றார்.

"வரிசைப்படுத்துங்க. ஒரே மாதிரி இருக்கறத ஒண்ணா ஆக்குங்க. எத்தன மிஞ்சுதுன்னு பாருங்க."

"முந்நூத்திப் பன்னெண்டு மிஞ்சும்."

"பாருங்க."

அருளப்பன் தட்டினார்.

ஒன்பது.

கட்டளையில் பிழை என்று நினைத்தார். மறுபடி தட்டினார்.

ஒன்பது.

முந்நூற்றுப் பன்னிரண்டு மையங்கள். ஒன்பது சாவிகள். ஒரே சாவியை இருநூற்று நாற்பது மையங்கள் வைத்திருந்தன.

வெள்ளிக்கிழமைப் பட்டியலை எடுத்தார். பதினொன்று. அதற்கு முந்தைய நாள், ஏழு. மார்ச் மாதத்தில் ஏதோ ஒரு நாள், ஒன்பது. போன ஆண்டில் ஒரு நாள், பத்து.



ஒரு மையத்தின் பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் மற்ற மையங்களின் பூட்டையும் திறக்கலாம். உள்ளே பெயர், முகவரி, எடை. யாருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி, யாருக்கு எச்.ஐ.வி. என்பதும்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"தெரியாது, சார்."

"தெரியாமயா மூணு தடவை மறுத்த?"

"தெரியாததுனாலதான்."

அவர் திரைக்குத் திரும்பினார். பிறகு அவள் சொல்லாமலே இன்னொரு பட்டியலைத் திறந்தார். ஜூலை 1, திங்கட்கிழமை. பத்தொன்பது நிமிடம் நின்ற நாள்.

வரிசைப்படுத்தினார். ஒன்றாக்கினார்.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

செவ்வாய், முந்நூற்றுப் பன்னிரண்டு. புதன், முந்நூற்றுப் பன்னிரண்டு. அன்று காலை, முந்நூற்றுப் பன்னிரண்டு.

செண்பகவல்லி ஜன்னலிலிருந்து கீழே குனிந்து இரண்டு டீ சொன்னாள்.

*

டீ ஆறியது. அருளப்பன் சென்னையில் இருக்கும் ஹோஸ்டின் அமைப்புக் கோப்பை இங்கிருந்தே திறந்தார். தேட வேண்டியிருக்கவில்லை. எந்த வரி என்று அவருக்குத் தெரியும்.

மெய்நிகர் இயந்திரம் தற்செயல் எண் கேட்டால் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது என்று சொல்லும் வரி. அங்கே ஹோஸ்டின் தற்செயல் ஊற்று இருக்க வேண்டும். இருந்தது ஒரு சாதாரணக் கோப்பின் பெயர்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் அவரே வைத்தது.

அப்போது சோதனைக்கூடத்தில் வேலை. ஒவ்வொரு முறை சோதித்தாலும் ஒரே விடை வந்தால்தான் தவறைப் பிடிக்க முடியும். அதற்காக ஒருமுறை எடுத்த எண்களை ஒரு கோப்பில் போட்டு, எல்லா இயந்திரங்களும் அதை முதலிலிருந்து படிக்கும்படி செய்தார். சோதனைகள் எல்லாம் தேறின. எதிலும் கைவைக்காமல் அப்படியே வேலைக்கு அனுப்பினார்கள். தேறியதில் யார் கைவைப்பார்கள்? சாவி செய்யும் நொடி மட்டும் இயந்திரத்துக்கு இயந்திரம் சற்று மாறியதால்தான் ஒன்றுக்குப் பதில் ஒன்பது வந்தது.

அந்த வரியின் பக்கத்தில் அவரே ஒரு குறிப்பு எழுதியிருந்தார். தற்காலிகம்.

அதைச் செண்பகவல்லி பக்கம் திருப்பிக் காட்டினார்.

அவள் படித்தாள். சிரிக்கவில்லை. தன்னுடைய கெர்னல் பகுதியிலும் அதே சொல் நாற்பத்தொரு இடத்தில் இருப்பதாகச் சொன்னாள்.

அருளப்பன் அந்த வரியைத் திருத்தினார். பிறகு யாரையும் கேட்காமல் எழுப்பும் நேரத்தை 5.15 ஆக்கினார். அதற்கு அனுமதிப் படிவம் ஒன்று உண்டு. மூன்று பேர் கையெழுத்து வேண்டும்.

முரளிதருக்குப் போன் செய்தார்.

முரளிதர் முழுவதையும் கேட்டார். நல்ல வேளை என்றார். கோப்பு திருத்தப்பட்டுவிட்டதால் விஷயம் முடிந்தது, மையங்களுக்குச் சொல்லி அவர்களைக் கலவரப்படுத்த வேண்டாம் என்றார். பழைய சாவிகளால் பூட்டியதை யாராவது எடுத்து வைத்திருந்தால் என்று அருளப்பன் கேட்டார். எடுத்ததற்கு ஆதாரம் இருக்கிறதா என்று முரளிதர் கேட்டார். எடுக்காததற்கும் ஆதாரம் இல்லை என்றார் அருளப்பன். முரளிதர் பேச்சை மாற்றினார். இப்போது ஹோஸ்ட் சுத்தம். இனி அந்தப் பெண் மறுக்கக் காரணமில்லை. பேட்சை முடித்துக்கொண்டு வாருங்கள்.

அருளப்பன் போனை மேசையில் வைத்தார்.

முரளிதர் சொன்னதில் ஒன்று சரியாகவே பட்டது. ஹோஸ்ட் இப்போது சுத்தம்தான். திருத்தியது இவரே. இவருக்கு இன்னும் வேலை வேண்டும். வீட்டில் இரண்டாவது மகள் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"செண்பகவல்லி."

"சொல்லுங்க, சார்."

"இப்ப என் ஹோஸ்ட் சரியா இருக்கு. நான் பொறுப்பு. பூஜ்யத்த ஆயிரம் ஆக்கலாமா?"

மறுப்பாள் என்று எதிர்பார்த்தார்.

"ஆக்கலாம்" என்றாள்.

தன் கணினியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் அனுப்பிய பேட்ச் அதில் திறந்திருந்தது. ஏற்பதற்கான பொத்தான் கீழே.

"ரெண்டு வரி சேக்கணும். ஹோஸ்டோட வார்த்தைய ஏன் நம்பலாம்னு ஒரு வரி. கீழ உங்க பேரு. அவ்வளவுதான். நான் ஏத்துக்கிடுதேன்."

கெர்னலில் அது வழக்கம். எந்தத் திருத்தத்தின் கீழும் அதற்குப் பொறுப்பேற்பவர் பெயர் இருக்க வேண்டும். மேலே காரணம் இருக்க வேண்டும். முன்பு மூன்று முறை அனுப்பியபோது அருளப்பன் எழுதிய காரணம், இயந்திரம் வேகமாக எழுகிறது என்பது.

அவர் விரல்களை வைத்தார்.

"இந்த டிரைவர் எத்தன ஹோஸ்டுல ஓடுது?" என்று கேட்டார்.

"யாருக்குத் தெரியும்? ஒங்களோடது ஒண்ணு."

ஹோஸ்ட் நம்பகமானது, ஏனெனில் அது தரமான ஊற்றிலிருந்து எண்களைத் தருகிறது என்று தட்டினார். படித்தார். அழித்தார்.

ஹோஸ்டை மெய்நிகர் இயந்திரம் நம்பியே ஆக வேண்டும், ஏனெனில் அதற்கு வேறு வழியில்லை என்று தட்டினார். அதையும் அழித்தார்.

மூன்றாவதாக ஒன்று தட்டினார். ஹோஸ்டை எழுதியவரை எனக்கு நன்றாகத் தெரியும்.

அதைப் படித்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். செண்பகவல்லி எட்டிப் பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

சிரிப்பு ஓய்ந்தது.

"ஒன்ன எத்தன பேர் திட்டியிருப்பாங்க, இந்தப் பூஜ்யத்துக்காக?"

"இந்த வாரம் அறுபத்திநாலு பேரு. ஒங்களச் சேக்காம."

"என்ன சொல்றாங்க?"

"உலகமே நிக்குதுன்னு சொல்லுதாங்க."

"நீ என்ன சொல்ற?"

"நிக்கட்டும்."

அருளப்பன் மூன்றாவது வரியையும் அழித்தார். பிறகு பேட்சையே திரும்பப் பெற்றார். அதற்கும் ஒரு பொத்தான் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை மாலைவரை அவர் காத்திருக்கவில்லை. தன் மடிக்கணினியை இழுத்து ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தார்.

சாவிகளின் கதையை எழுதினார். ஒன்பது, பதினொன்று, ஏழு. எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை. கோப்பை வைத்தது யார். வைத்தவர் ஏன் வைத்தார், ஏன் எடுக்கவில்லை. மையங்கள் உடனே என்ன செய்ய வேண்டும். நோயாளிகளிடம் என்ன சொல்ல வேண்டும்.

மன்னிப்பு என்ற சொல்லை ஒருமுறை எழுதினார். சட்டப் பிரிவு அனுப்பும் கடிதங்களில் வரும் "சிரமத்திற்கு" என்ற சொல்லை எழுதவில்லை.

எழுதி முடித்ததும் செண்பகவல்லியிடம் காட்டினார். அவள் ஒரு தேதியைத் திருத்தினாள். ஓர் இடத்தில் "ஏற்பட்டுவிட்டது" என்று இருந்ததை விரலால் தொட்டாள். அவர் அதை "செய்தேன்" என்று மாற்றினார்.

"அனுப்பவா?"

"என்னக் கேக்காதீங்க, சார்."

அவர் அனுப்பினார். முந்நூற்றுப் பன்னிரண்டு முகவரிகள். பன்னிரண்டு வினாடி ஆனது.

கீழே கடைக்காரர் யாரிடமோ சீட்டின் நீளத்தைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்.

ஆறாவது நிமிடத்தில் போன் அடித்தது. அருளப்பன் ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார். முரளிதரின் குரல் பக்கத்துக் கூடத்திலிருந்து வருவதுபோல் இருந்தது.

"இத அனுப்ப யாரு அனுமதி கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல, சார்."

"பேட்ச் என்னாச்சு?"

"திரும்ப எடுத்துட்டேன்."

"அவ எடுக்கச் சொன்னாளா?"

"ஏத்துக்கிறேன்னு சொன்னா. நான்தான் பேரு போடல."



"ஒரு மணி நேரம் தர்றேன். தப்பா அனுப்பிட்டேன்னு இன்னொரு மெயில் போடுங்க. உங்க வேலை போகாம நான் பாத்துக்கறேன்."

அருளப்பன் செண்பகவல்லியைப் பார்க்கவில்லை. ஆறிப்போன டீயை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

"தப்பா அனுப்பல, சார். கீழ என் பேரு இருக்கு. எழுத்துப் பிழை இருந்தாச் சொல்லுங்க, அத மட்டும் திருத்தி அனுப்பறேன்."

போன் துண்டிக்கப்பட்டது.

2019 ஜூலை 12, வெள்ளிக்கிழமை, அருளப்பன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அன்றுவரை இருநூற்று எண்பத்தாறு மையங்கள் தங்கள் நோயாளிகளுக்குத் தகவல் சொல்லியிருந்தன.